வீட்டுக்குப் பக்கத்தில் கிராவல் குவாரி வரப்போகிறது என்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஊரை ஒட்டிய பட்டா நிலத்தில் கிராவல், அதாவது சரளை மண், எடுக்க ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். நிலத்துக்கு மேற்கே ஒரு தெரு, நாற்பது வீடுகள், ஓர் அங்கன்வாடி. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தும் பதில் இல்லை. குவாரியைத் தடுக்க முடியுமா, அடுத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். பல ஊர்களில் தடுத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கொடுத்த மனுவில் என்ன எழுதியிருந்தது என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். "எங்கள் ஊருக்குக் குவாரி வேண்டாம், அனுமதி தராதீர்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது கோப்பில் ஒரு தாளாகச் சேர்ந்துவிடும். "விண்ணப்பத்தின் இன்ன பக்கத்தில் 300 மீட்டருக்குள் வீடு இல்லை என்று இருக்கிறது, ஆனால் இன்ன சர்வே எண்ணில் இத்தனை வீடுகள் இருக்கின்றன, இதோ வீட்டு வரி ரசீது" என்று எழுதியிருந்தால், அதற்கு யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும். குவாரி விவகாரங்களை ரொம்ப நாளாகப் பார்த்து வருகிறேன். ஊர் ஜெயித்த இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து விண்ணப்பதாரரின் காகிதங்களை வரி வரியாகப் படித்திருந்தார்.

அதனால் முதல் வேலை அந்தக் காகிதங்களைக் கையில் வாங்குவது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பம் ஏற்கெனவே போயிருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் மாவட்டம், கிராமம் பெயரைப் போட்டுத் தேடலாம். விண்ணப்பப் படிவம், சுரங்கத் திட்டம், வரைபடங்கள் அதில் இருக்கும். அங்கே இல்லை என்றால் விண்ணப்பம் இன்னும் மாவட்ட அளவில்தான் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மாவட்டக் கனிமவள அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. "எல்லா ஆவணமும் வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். வி.ஏ.ஓ., தாசில்தார், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அறிக்கைகள், 300 மீட்டர் சுற்றளவுச் சான்று, 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளின் பட்டியல், சுரங்கத் திட்டம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

காகிதம் கைக்கு வந்ததும் தலைப்பைப் பாருங்கள். இதைத்தான் நிறையப் பேர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஊரில் "கிராவல் குவாரி" என்று பேச்சு இருக்கும்; விண்ணப்பத்தில் "சாதாரணக் கல் மற்றும் கிராவல்" என்று இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே சில மீட்டர் சரளை, அதற்கும் கீழே பாறை. வெறும் கிராவல் என்றால் பொக்லைன் தோண்டி டிப்பரில் ஏற்றும், அதோடு முடிந்தது. கல்லும் சேர்ந்தால் துளை போட்டு வெடி வைப்பார்கள், குழி பல மீட்டர் ஆழத்துக்குப் போகும், ஆண்டுக்கணக்கில் நடக்கும். உங்கள் எதிர்ப்பின் அடிப்படையே இதைப் பொறுத்து மாறும்.

ஏனென்றால் எல்லோரும் சொல்லும் அந்த 300 மீட்டர் விதி, தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-ல் 36(1-ஏ) என்ற பிரிவில், கல் எடுப்பதற்கு என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. கல்லும் கிராவலும் சேர்ந்த விண்ணப்பம் என்றால் இதை நேரடியாகப் பிடித்துக்கொள்ளலாம். வெறும் கிராவல் என்றால் இந்த ஒரு விதியை மட்டும் நம்பி நிற்காதீர்கள். ஆனாலும் சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு கிராவல் விண்ணப்பங்களிலும் வழக்கமாக 300 மீட்டர் சுற்றளவு விவரத்தைக் கேட்கிறது. அதனால் அளவு எடுத்து வைப்பது எந்த வகையிலும் வீண் போகாது.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. "குடியிருப்பு" என்பதற்கு அந்த விதியே ஒரு விளக்கம் தருகிறது. வருவாய்ப் பதிவேட்டில் கிராம நத்தமாகவோ வீட்டு மனையாகவோ இருக்க வேண்டும், அல்லது உள்ளாட்சி அமைப்போ நகரமைப்புத் துறையோ அங்கீகரித்த மனையாக இருக்க வேண்டும். முப்பது வருடமாகக் குடும்பம் வாழும் வீடாகவே இருந்தாலும், நிலம் பதிவேட்டில் புஞ்சை என்று இருந்தால் "அங்கே குடியிருப்பு இல்லை" என்று ஒரு வரியில் எழுதிவிட முடியும். புஞ்சைக் காட்டுக்குள் வீடு கட்டிக்கொண்டவர்கள், புறம்போக்கில் குடியேறிய ஏழைகள், பட்டா வாங்காத காலனி வீடுகள், இவர்கள்தான் இதில் முதலில் காணாமல் போகிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. தூசியைச் சுவாசிக்கும் நுரையீரல் பட்டா பார்த்தா சுவாசிக்கிறது?

எங்கள் பக்கத்தில் ஒரு விண்ணப்பத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். 300 மீட்டருக்குள் வீடே இல்லை என்று சான்று இருந்தது. சுரங்கத் திட்டத்தில் குத்தகை நிலத்தின் மூலைப் புள்ளிகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்திருப்பார்கள். அவற்றை ஒரு கல்லூரி மாணவி செயற்கைக்கோள் வரைபடத்தில் குறித்து, எல்லையிலிருந்து 300 மீட்டருக்குக் கோடு இழுத்தார். கோட்டுக்கு உள்ளே 11 கூரைகள் தெரிந்தன. அந்தப் படத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வீட்டின் வரி ரசீது, மின் இணைப்பு எண், ரேஷன் அட்டை நகல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். புலத்தணிக்கை மறுபடி நடந்தது. நீங்களும் இதைச் செய்யலாம். தூரத்தைக் குழி வெட்டப்போகும் இடத்திலிருந்து எடுக்காதீர்கள். குத்தகை நிலத்தின் எல்லையிலிருந்து எடுங்கள்.

அதே வரைபடத்தில் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, உயர்மின் கோபுரம், கோயில், சுடுகாடு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர்நிலை, ரயில் பாதை, பொதுக் கட்டுமானங்களுக்கு 50 மீட்டர், கிராமச் சாலைக்கு 10 மீட்டர் இடைவெளி விட வேண்டும். பக்கத்துப் பட்டாக்காரர் நிலத்துக்கு 7.5 மீட்டர் விட்டு வெட்டுவதாகத் திட்டத்திலேயே காட்டியிருப்பார்கள். புல வரைபடத்தில் ஓடை என்று இருப்பது சுரங்கத் திட்ட வரைபடத்தில் இல்லாமல் போயிருந்தால் அது பெரிய பிடி. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்து பரப்பளவு. முன்பெல்லாம் சின்னக் குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே கேட்கமாட்டார்கள். 2012 பிப்ரவரி 27-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்தாலும் சிறு கனிமங்களுக்கு அனுமதி வேண்டும் என்றது. பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி விண்ணப்பித்து விதியிலிருந்து தப்புகிறார்கள் என்பதுதான் அந்த வழக்கின் மையம். இன்றும் துண்டு போடுவது நிற்கவில்லை. இப்போதைய நிலையில் 5 ஹெக்டேர், அதாவது சுமார் 12 ஏக்கர் 35 சென்ட், என்பதுதான் கோடு. அதற்குள் தனியாக இருக்கும் குவாரிக்கு முழுமையான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. 4.9 ஹெக்டேர், 4.85 ஹெக்டேர் என்று விண்ணப்பங்கள் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கொத்தாக இருந்தால் கதை வேறு. ஒரு குத்தகையின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே வகைக் கனிமத்துக்கு இன்னொரு குத்தகை இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கூட்டினால் 5 ஹெக்டேரைத் தாண்டும் என்றால் தாக்க அறிக்கையும் கருத்துக் கேட்பும் கட்டாயம். ஆகவே அந்த 500 மீட்டர் பட்டியலை நம்பி விட்டுவிடாமல் ஊர்க்காரர்களே நடந்து பாருங்கள். பக்கத்துக் கிராம எல்லைக்குள் இருக்கும் குவாரி பட்டியலில் விடுபட்டிருக்கலாம். மாவட்ட எல்லைக்கு அருகில் இருக்கிறீர்கள் என்றால் அடுத்த மாவட்டத்தையும் பாருங்கள்.

"இது ரோடு வேலைக்கு எடுக்கும் மண்தான், இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். சாலை, குழாய்ப் பாதை போன்ற திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க 2020 மார்ச் 28-ல் மத்திய அரசு விலக்கு கொடுத்தது உண்மைதான். 2024 மார்ச் 21-ல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் மத்திய அரசு அளவு வரம்போடும் நிபந்தனைகளோடும் விலக்கை மறுபடி கொண்டுவந்தது. அதனால் எந்த அறிவிப்பின் கீழ், எவ்வளவு மண்ணுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். அதேபோல் "சவுடு" (பள்ளம் நிரப்ப எடுக்கும் மண்) என்று பெயர் வைத்துக் கேட்கும் விண்ணப்பங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். சவுடு என்ற பெயரில் ஆற்று மணலே போய்க்கொண்டிருந்ததால், என்ன கனிமம் என்று ஆய்வகத்தில் சோதிக்காமல் அனுமதி தரக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல் உத்தரவிட்டது.

சரி, இனி உங்கள் ஊருக்கு என்ன ஆகும் என்பதை எப்படிச் சொல்வது? "தூசி வரும், தண்ணீர் வற்றும்" என்று எல்லா மனுவிலும் இருக்கும். எண்ணாகச் சொல்லுங்கள். சுரங்கத் திட்டத்தில் மொத்தம் எத்தனை கன மீட்டர் எடுப்பார்கள் என்று இருக்கும். உதாரணத்துக்கு ஓராண்டில் 60,000 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 வேலை நாள் என்றால் நாளுக்கு 200 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆறு யூனிட் ஏற்றும் டிப்பர் சுமார் 17 கன மீட்டர் கொண்டுபோகும். நாளுக்கு 12 நடை, போக வர 24 தடவை. குழி தோண்டிய மண்ணை அதே குழியில் திருப்பிப் போட்டால் மிஞ்சும் என்பது விவசாயிக்குத் தெரியும். தோண்டிய மண் உப்பிவிடும், ஆகவே நடை இதைவிடக் கூடும். எட்டு மணி நேர வேலையில் இருபது நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒரு கனரக வண்டி அங்கன்வாடி வாசலைத் தாண்டுகிறது. அந்த ஊராட்சிச் சாலையின் அகலம் என்ன, எத்தனை டன் தாங்கும்படி போட்டது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரம் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "தூசி வரும்" என்பதை ஒரு வரியில் மறுத்துவிடலாம். இந்தக் கணக்கை மறுக்க அவர்களும் கணக்குப் போட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தை இன்னும் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடினப் பாறைப் பகுதிகளில் நம் திறந்தவெளிக் கிணறுகளின் தண்ணீர் பெரும்பாலும் பாறைக்கு மேலே இருக்கும் சிதைந்த அடுக்கில்தான் நிற்கிறது. கிணறு வெட்டுபவர்களைக் கேளுங்கள்: மேல்மண், சரளை, சுக்கான், அப்புறம் பாறை என்று வரிசையாகச் சொல்வார்கள். மழைநீரை உள்ளே இறக்குவதும் பிடித்து வைப்பதும் அந்த இடை அடுக்குகள். கிராவல் என்று லாரியில் போவது அவைதான். சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றின் ஆழம், கோடையில் தண்ணீர் மட்டம், மழைக்குப் பிந்தைய மட்டம், தரையிலிருந்து சரளை எத்தனை அடியில் தொடங்கி எத்தனை அடியில் முடிகிறது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இந்த நோட்டு பிறகு ஒருவேளை குவாரி வந்துவிட்டாலும் உதவும். முன்பு எப்படி இருந்தது என்பதற்கு வேறு யாரிடமும் ஆதாரம் இருக்காது.

கல்லும் சேர்ந்த குவாரி என்றால் குழியின் ஆழமும் சரிவும் முக்கியம். படிக்கட்டு போல வெட்டிக்கொண்டு இறங்க வேண்டும் என்பது விதி. திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் 2022 மே 14 இரவு பாறை சரிந்து உள்ளே இருந்தவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். குவாரியில் வேலை பார்ப்பவர்களும் நம் ஊர் ஆட்கள்தான். அவர்கள் பாதுகாப்பையும் உங்கள் ஆட்சேபத்தில் எழுதுங்கள். ஊருக்குள் "வேலையைக் கெடுக்கிறார்கள்" என்ற பேச்சும் அதனால் குறையும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு என்றால் அதை ஒரு நாள் கூத்தாக விட்டுவிடாதீர்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு தர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழ். கலெக்டர் அல்லது கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி தலைமை ஏற்க வேண்டும். முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். பேசியவற்றின் சுருக்கத்தை அன்றே வட்டார மொழியில் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். இதைப் படிக்கும்வரை யாரும் கிளம்பாதீர்கள். நான் பார்த்த பல கூட்டங்களில் முதல் ஒரு மணி நேரம் கோஷம், மைக் பறிப்பு, அப்புறம் வெளிநடப்பு. கோபம் நியாயமானது. ஆனால் வெளியே போனபின் உள்ளே பேசியவர்களின் பேச்சு மட்டும் பதிவாகும். பத்துப் பேர் ஆளுக்கு ஒரு விஷயம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தூரம், ஒருவர் கிணறு, ஒருவர் லாரி, ஒருவர் பள்ளி, ஒருவர் ஆடு மாடு மேய்ச்சல். பேசியதையே எழுத்திலும் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். பெண்கள் பேசட்டும், தண்ணீரும் துணியில் படியும் தூசியும் அவர்களுக்குத்தான் கணக்காகத் தெரியும்.

5 ஹெக்டேருக்குள் என்பதால் கூட்டமே இல்லை என்றாலும் வழி மூடிப்போகவில்லை. சென்னையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் அதன் நிபுணர் குழுவுக்கும் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு நேரடியாக ஆட்சேபம் அனுப்பலாம். குழுவின் கூட்ட நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வெளியாகும். உங்கள் ஊர்க் குவாரியின் விண்ணப்பம் பட்டியலில் வருவதற்கு முன்பே உங்கள் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும்.

கிராம சபைத் தீர்மானம் பற்றியும் கேட்பீர்கள். கட்டாயம் போடுங்கள். ஆனால் அது குவாரியைத் தானாக நிறுத்தாது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-ல் 12 கிராம சபைகள் மறுத்ததால் சுரங்கம் நின்றது என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே வன உரிமைச் சட்டத்தின் பலம் பின்னால் இருந்தது. சாதாரணப் பட்டா நிலக் குவாரிக்கு அந்தப் பலம் இல்லை. இருந்தாலும் தீர்மானம் ஒரு பதிவு, ஊர் ஒன்றாக நிற்பதற்குச் சாட்சி. மதுரை மாவட்டம் மேலூர் பகுதியின் டங்ஸ்டன் சுரங்க விஷயம் நம் கண் முன்னே நடந்தது. 2024 நவம்பரில் ஏல முடிவு வந்தது, ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள், டிசம்பர் 9-ல் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தார்கள், ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது மத்திய அரசு ஏலம் விடும் கனிமம், சட்டமும் வேறு. ஆனால் அந்தப் பகுதியில் உள்ள அரிட்டாபட்டி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது என்ற ஒரு காகிதம் அந்த மக்களின் கையில் இருந்தது. அனுமதிகள் எதுவும் வழங்கப்படுவதற்கு முன்பே அவர்கள் எழுந்தார்கள் என்பதும் முக்கியம்.

அனுமதி கொடுத்துவிட்டால்? அப்போது நாள் கணக்கு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். 90 நாளுக்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு மூடிவிடும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அதனால் பரிவேஷில் வாரம் ஒருமுறை விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கும் பொறுப்பை ஊரில் ஒரு இளைஞரிடம் ஒப்படையுங்கள். முன்பே அனுப்பிய ஆட்சேபங்களும் முத்திரை ரசீதுகளும் அங்கே உங்கள் முதல் ஆதாரமாக இருக்கும்.

கடைசியாக இரண்டு விஷயம், இரண்டுமே ஆட்களைப் பற்றியது. நிலம் கொடுத்தவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், உங்களில் சிலருக்குப் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். மழை இல்லாமல், கடன் ஏறி, வேறு வழி தெரியாமல் கையெழுத்துப் போட்டிருப்பார். அவரை ஊர் ஒதுக்கி வைத்தால் அவர் முழுக்க எதிர்ப்பக்கம் போய்விடுவார். முதல் வாரத்திலேயே பெரியவர்கள் போய் உட்கார்ந்து பேசுங்கள். நிலம் திரும்பக் கிடைக்கும்போது அது குழியாக இருக்கும் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று உயிர். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்து வந்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17-ல் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எந்த மனுவும் ஒருவர் பெயரில் மட்டும் போக வேண்டாம். குறைந்தது இருபது பேர் கையெழுத்திடுங்கள், வெவ்வேறு தெருக்களிலிருந்து, வெவ்வேறு சாதிகளிலிருந்து. குவாரிப் பக்கம் படம் எடுக்கத் தனியாகப் போகாதீர்கள், இரவில் போகவே வேண்டாம். மிரட்டல் வந்தால் அன்றே எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, கலெக்டருக்கும் நகல் அனுப்புங்கள்.

விண்ணப்ப எண்ணோ சர்வே எண்ணோ கிடைத்ததும் எழுதுங்கள். சுரங்கத் திட்டத்தின் வரைபடப் பக்கங்களை அனுப்பினால், 300 மீட்டர், 500 மீட்டர் கோடுகளை இழுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.